சுலேய்க்கா பேசாமல் நின்ற இடம்

10 ஆகஸ்ட் 1971, செவ்வாய். ரியோ

பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. நாலு குட்டிகள். ஏழு என்று நாடகக் குழுவில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெட்டி என்பது மேடையின் முன்விளிம்பில் இருக்கும் ஒரு குழி. அதற்குள் உட்கார்ந்து, நடிகர்கள் மறந்துவிட்ட வசனத்தை மெல்ல எடுத்துக் கொடுப்பது என் தொழில். முப்பத்தொரு வருடம், ஒரு பிசகு கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், இந்தத் தலைக்குள் இருநூறு நாடகம் வைத்திருக்கிறேன். சரி, நூற்றிருபது.

இன்று வாரப் பத்திரிகையில் என் அக்கா மகள் சுலேய்க்காவின் பேட்டி. கல்யாணம் எப்போது என்று கேட்டவனிடம், "காதல் வந்தா கதவத் திறப்பேன். போகணும்னாலும் அதே கதவுதான். நடுவுல பூட்டு எதுக்கு?" என்றிருக்கிறாள். ஜெனரல்கள் ஆளும் நாட்டில் ஒரு நடிகைக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான்.

12 ஆகஸ்ட், வியாழன்

தொலைக்காட்சித் தொடரிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். குடும்பங்கள் பார்க்கும் தொடராம். எங்கள் பேட்டைப் பாதிரியாரோ காலைப் பூசைப் பிரசங்கத்தில் அவள் பேரையும் சொல்லி, அவள் நடிக்கப்போகும் எங்கள் நாடகத்தின் பேரையும் சொல்லித் திட்டியிருக்கிறார். பிற்பகலுக்குள் மூன்று ஞாயிறுகளுக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது.

"பாதிரியாருக்கு ஒரு பூங்கொத்து அனுப்பணும், மாமா" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே நகப்பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பத்து விரலும் மொட்டை. இனி அவளுக்கு இந்த நாடகம் ஒன்றுதான்.

13 ஆகஸ்ட், வெள்ளி

பதின்மூன்று, வெள்ளி, அதிலும் ஆகஸ்ட்; இந்த ஊரில் மூன்றுமே ராசியில்லாதவை. இந்த நாளில்தான் தணிக்கைக்காரர்கள் ஒத்திகை பார்க்க வந்தார்கள். காலி அரங்கில் மூன்று பேர், மடியில் முத்திரை குத்திய பிரதி, கையில் சிவப்புப் பென்சில்.

ஒரு இடத்தில் கணவன் மிரட்டுவான்: "யாரக் கேட்டு வெளிய போன?" அவள் சொல்வாள்: "என் காலக் கேட்டேன். போலாம்னுச்சு." அந்தப் பதிலின் மேல் ஒரே கோடு. குடும்ப ஒழுங்கு கெட்டுவிடுமாம்.

தாளில் இல்லாத ஒரு சொல் மேடையில் கேட்டாலும் நாடகத்துக்குப் பூட்டு, சுலேய்க்காவின் நடிகை உரிம அட்டையும் ரத்து என்றார் அவர்களின் தலைவர், கேப்டன் டூர்வால். இயக்குநர் நெஸ்டர் தலையாட்டிய வேகத்தில் கழுத்து கழன்றிருக்கும். நான் பெட்டிக்குள்ளிருந்து கேப்டனை ஒரு பார்வை பார்த்தேன். மனிதர் எழுந்து ஓடிவிட்டார். கழிப்பறைக்குத்தான். ஆனாலும் ஓடினார்.

15 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் காட்சி. கணவன் கேட்டான். சுலேய்க்கா வாயே திறக்கவில்லை. பாவாடை நுனியை இரண்டு விரலால் தூக்கித் தன் காலைப் பார்த்தாள். பிறகு ஜனங்களைப் பார்த்தாள். மனசுக்குள் ஐந்து எண்ணினேன். அரங்கம் சிரிப்பில் வெடித்துவிட்டது.

பேசாமல் நிற்பதை எந்தப் பென்சிலால் அடிப்பார்கள்?

19 ஆகஸ்ட், வியாழன்

எப்படி எழுதுவேன்.

மாலை ஐந்து மணிக் காட்சி. கடைசி வரிசையில் டூர்வால், சீருடையோடு. கணவன் கேட்டான், அவள் காலைப் பார்த்தாள். ஐந்து ஆயிற்று. ஆறு. எட்டு. கேப்டன் இருப்பதால் ஜனங்கள் சிரிக்கவில்லை, அவளும் அசையவில்லை. பத்து! மறந்துவிட்டாளோ? காலையில்தானே அவளுக்குப் போலீஸிலிருந்து ஓலை வந்தது, பயத்தில் வசனமே போய்விட்டதோ? நடிகை ஒருத்தி மேடையில் வாயடைத்து நின்றால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முப்பத்தொரு வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"என் காலக் கேட்டேன். போலாம்னுச்சு."

மெல்லத்தான் சொன்னேன். இல்லை. மாடி கடைசி வரிசை வரை கேட்டதாம். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல், அதுவும் குழிக்குள்ளே.

20 ஆகஸ்ட், வெள்ளி

அரங்கத்துக்குப் பூட்டு. நாளை நான் போலீஸுக்குப் போகவேண்டும்.

21 ஆகஸ்ட், சனி

மேஜையை ஓங்கிக் குத்தினேன். இல்லை, குத்தியது டூர்வால். காபி கொடுத்தார்கள் என்று குழுவில் சொல்லிக்கொள்கிறேன்.

"உன் அக்கா பொண்ணுதான சொல்லச் சொன்னா? கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

நான் என் கதையைச் சொன்னேன். சாந்தோஸ் துறைமுகத்தில் சுறாவோடு மல்லுக்கட்டியது வரைக்கும். தட்டச்சுக்காரர் பதினோரு தாள் அடித்தார். டூர்வால் பதினொன்றையும் கிழித்தார். அப்புறம்தான் பொய் கலக்காமல் பேசினேன்.

"அவ சொல்லலய்யா. யாராவது மேடையில பேசாம நின்னா என் வாய் நிக்காது. நாய்க்குக் குரைப்பு வர்ற மாதிரி."

"அப்போ நீ இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்."

மேலிடத்துக்கு அனுப்ப அவருக்கும் ஒரு தாள் வேண்டியிருந்தது. அடித்துக் கொண்டுவந்தார்கள்: ஞாபகம் பிசகியவன், குடிப்பவன், தொழிலுக்குத் தகுதியற்றவன், இவன் உளறலுக்கும் நடிகைக்கும் சம்பந்தமில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். தகுதியற்றவன் என்பதை இரண்டு முறை.

போட்டுவிட்டேன். கையெழுத்து கொஞ்சம் கோணல்.

22 ஆகஸ்ட், ஞாயிறு

சுலேய்க்கா வந்தாள். கறுப்பு பீன்ஸ் குழம்பும் சோறும் வைத்தேன், தொடவில்லை.

"என்ன எழுதி வாங்கினாங்க, மாமா?"

"பிரேசில்லயே இவனப்போல எடுத்துக் கொடுக்க ஆளில்லன்னு எழுதினாங்க. அதான், போட்டுட்டேன்."

"விளையாடாதீங்க. நான் போய், நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"போடி, மொத மொதலா எனக்குக் கைதட்டல் கிடைச்சிருக்கு. அதையும் நீயே எடுத்துக்கப் பாக்கறியா?"

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

26 ஆகஸ்ட், வியாழன்

பூட்டைத் திறந்துவிட்டார்கள். அவள் அட்டை அவளிடமே இருக்கிறது. என் அட்டையை வாங்கிக்கொண்டு, பெட்டியின் மேல் பலகை அடித்துவிட்டார்கள். பூனையையும் குட்டிகளையும் அதற்கு முன்பே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

29 ஆகஸ்ட், ஞாயிறு

டிக்கெட் வாங்கி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். குழிக்குள்ளிருந்து இத்தனை வருடமும் நான் பெரும்பாலும் பார்த்தது செருப்பும் கணுக்காலும்தான். அந்த இடத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. பயமெல்லாம் இல்லை. ஜனங்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கள்ளி.

எட்டு எண்ணினேன். பத்து. பன்னிரண்டு. பக்கத்து அம்மாள், நெஞ்சுவலியா என்று என்னைக் கேட்டார். கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு இல்லையென்று தலையாட்டினேன்.

பதினான்கில் சிரித்தார்கள்.