வெள்ளையாகத் திருப்பிய சில்லு

வால்சூரா,
செப்டம்பர் 19

அன்பு மகள் உர்சினாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வெலிங்டனில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மேல் சரிவுகளில் முதல் பனி விழுந்துவிட்டது. ஏரித் தண்ணீர் பதினொரு டிகிரி. நேற்று மாலையோடு தேடுதலை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் ஆழம் எழுபது மீட்டர், இனி ஆட்களை இறக்க முடியாது என்று போலீஸ் அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அம்மா நீந்தும்போது கட்டிக்கொள்ளும் ஆரஞ்சு மிதவை மட்டும் எதிர்க்கரை நாணலில் கிடைத்தது. இடுப்புப் பட்டை அவிழ்ந்திருந்தது.

"அன்னைக்குக் காவல் பிரைடாவோடதுதானே? அவ எப்படிக் கவனிக்காம விட்டா?" என்று போனில் கேட்டாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நீச்சல் துறைப் பலகை உனக்குத் தெரியும். ஆளுக்கொரு மரச்சில்லு, இறங்கும்போது சிவப்புப் பக்கம், கரையேறியதும் வெள்ளைப் பக்கம். பத்தரை மணிக்கு ஒரு சில்லு சிவப்பாக இருந்தாலும் காவலில் இருப்பவர் படகை எடுக்க வேண்டும். அம்மா சிவப்பாக்க மறந்ததே இல்லை. வெள்ளையாக்கத்தான் மறப்பாள். நான் திட்டிக்கொண்டே திருப்புவேன். "அதுக்குத்தானேய்யா உன்னைக் கட்டிக்கிட்டேன்" என்பாள். துறையே சிரிக்கும்.

செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு அவள் சில்லு மட்டும் சிவப்பாக இருந்தது. வெளியே அவள் சைக்கிள் இல்லை. வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்து வெள்ளையாகத் திருப்பினேன். அன்று டயரில் காற்றில்லாமல் அவள் நடந்து வந்திருக்கிறாள். உடை மாற்றும் அறைக்குள் பத்தடி போயிருந்தால் ஆணியில் அவள் கோட்டைப் பார்த்திருப்பேன். போகவில்லை. படகுக்குப் பெயின்ட் வாங்க மேலே ஊருக்குப் போனேன். பதினொரு மணிக்குத் தெற்குக் காற்று இறங்கியது. பத்தரைக்குப் படகு போயிருந்தால், காற்றுக்கு முன் அவளை எட்டியிருக்கும். ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சூப்புக்குப் போட்ட பார்லி ஊறியபடியே இருந்தது.

பிரைடா வந்து என் எதிரே உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் வெள்ளையாத்தானே இருந்துச்சு காஸ்பர், ரெண்டு தடவ பாத்தேனே, என் கண்ணுதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். ரொட்டிக் கடையில், "வந்துட்டா பாரு, கண்ணு தெரியாத காவல்காரி" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். மூன்று நாளாக அவள் வீட்டுக் கதவு திறக்கவில்லை.

நாளை காலை எட்டு மணிக்குப் போலீசிடம் சொல்லப்போகிறேன். அங்கிருந்து பிரைடாவிடம். இது உன் கைக்கு வரும்போது ஊருக்கே தெரிந்திருக்கும். உன்னிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்குப் பதில் எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். பிரைடாவுக்கு ஒரு வரி எழுது, மகளே.

அம்மாவின் சில்லை மறுபடி சிவப்பாக்கி வைத்திருக்கிறேன். இனி என் கை அதைத் தொடாது. பக்கத்தில் உன்னுடையதும் தொங்குகிறது, நீ கடைசியாகக் கரையேறித் திருப்பிய வெள்ளைப் பக்கம் தெரிய. அது என்றைக்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் அப்பா,
காஸ்பர்