வலைப்பூவில் குடியிருப்பவர்

மார்ச் 3

நம் வீட்டுக் கணக்குப்பிள்ளை அம்மாவுக்கு,

நலம். நீயும் பாப்பாவும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதென்ன, நன்றாகவே தெரியும். நம் சமையலறையில் வெயில் இப்போது எந்த மூலைக்கு வருகிறது, பாப்பா எந்தப் பல்லை ஆட்டிக்கொண்டு திரிகிறாள், எல்லாம் தெரியும். உன் கடிதத்திலிருந்து அல்ல. எங்கள் விடுதிச் சமையல்காரர் சொல்லித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவர் போனைப் பார்த்து எங்களுக்கு ஏதாவது படித்துக் காட்டுவார். "கொடித்துணின்னு ஒரு வலைப்பூ. யாரோ ஒரு அம்மா எழுதுது. சும்மா பட்டன் தைக்கிறதத்தான் எழுதியிருக்கு. ஆனா கேளுங்கப்பா" என்றார்.

கேட்டேன். வேலைக்குக் கிளம்பும் கணவரின் சட்டையில் பட்டன் அறுந்துவிடுகிறது. கழற்ற நேரமில்லை. நின்ற வாக்கிலேயே மனைவி தைக்கிறாள். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்வரை அவர் மூச்சு விடாமல் நிற்கிறார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வரியில், ஜன்னல் கொக்கியைச் செம்புக் கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை மயில் கொண்டைபோல் வளைத்துவிட்டிருப்பதாக வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கம்பியை வளைத்தவன் நான்.

"குடுத்து வச்ச மனுஷன்யா. வீட்டோடவே இருக்கான் பாரு" என்றார் சமையல்காரர். அது என் மனைவி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், அப்போ வீட்டில் இருக்கிறவன் யாருப்பா என்று கேட்பார்களே! ஆறு வருடமாக நான் இந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். நடுவில் ஒரே ஒரு முறை வந்தேன், அதுவும் விருந்தாளி மாதிரி.

இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்ட ஏப்ரல் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று போன மாதம் எழுதினேன். "உங்கள் விருப்பம். பால் விலை கூடிவிட்டது" என்று பதில் போட்டாய். பட்டனுக்கு இரண்டு பக்கம், புருஷனுக்கு இரண்டு வரி. வீட்டில்தான் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே, நான் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?

உன் வலைப்பூவில் இருப்பவருக்குத் தூரத்து உறவான,
உன் வீட்டுக்காரன்


கடவுள் துணை

மார்ச் 14

என் அன்பானவருக்கு வணக்கங்கள் பல.

உங்கள் கடிதத்தை வாசற்கதவைத் திறந்த இடத்திலேயே நின்று படித்தேன். அடுப்பில் இருந்தது அடிப்பிடித்துவிட்டது. அதை உங்கள் செலவில்தான் எழுதியிருக்கிறேன்.

கோபப்படாமல் கேளுங்கள். செலவு எழுதும்போது பக்கத்தில் ஒரு வரி கிறுக்குவது என் பழக்கம் என்று உங்களுக்கே தெரியும். "சோப்பு ஒன்று. போன மாதத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்தது ஏன்?" என்று ஒரு நாள் எழுதினேன். ஏனென்று பார்க்கலாமே என்று கவனித்தேன். பாப்பா கை கழுவப் போனால் திரும்பி வருவதே இல்லை. குழாய்க்கு மேலே உள்ள ஜன்னலில் இரண்டு புறாக்கள் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிற வரை கையைத் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள். அதை அப்படியே போனில் எழுதிப் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர், "என் மகளும் இப்படித்தான்" என்று எழுதினார். அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாமே அப்படி அமையவில்லை. "மழை. துணி காயவில்லை" என்று போட்டால் யார் எட்டிப் பார்ப்பார்கள்? நானாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். சின்ன விஷயத்தைக் கிடைத்தவுடன் எழுதக் கூடாது, ஒரு நாள் முழுக்க இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். முதலில் தோன்றுவது எல்லோருக்கும் தெரிந்ததாகவே இருக்கும். அதை அனுப்பிவிட்டு, பின்னால் தயங்கி நிற்பதைக் கூப்பிட வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போது பாப்பாவிடம் சொல்லிப் பார்ப்பேன். அவள் எந்த இடத்தில் தலையைத் தூக்குகிறாளோ அங்கேதான் ஆரம்பம். எனக்குப் புத்திமதி சொல்ல ஆசை வருகிற இடத்தில் நிறுத்திவிடுவேன்.

பட்டன் பதிவை முதலில் உள்ளபடிதான் எழுதினேன். உங்கள் பழைய சட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி, அதற்குப் பட்டன் தைத்தேன். உள்ளே ஆள் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தேன். "அழாதேம்மா, கடவுள் இருக்கிறார்" என்று வரிசையாக வந்தார்கள். கடவுள் இருப்பது எனக்குத் தெரியாதா? தினமும் காலையில் முதல் பேச்சே அவரோடுதான். கடைசியில் ஒருவர், "உங்கள் கணவரின் ஆன்மா சாந்தியடையட்டும்" என்று எழுதிவிட்டார். அந்த நிமிடமே பதிவைத் தூக்கிவிட்டு, உங்களைச் சட்டைக்குள் நிற்க வைத்தேன். மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அதற்குப் பிறகு உங்களை வெளியே அனுப்ப மனம் வரவில்லை. பொய்தான். கும்பிடும்போது சொல்லிவிடுகிறேன். "இனிமேல் செய்யமாட்டேன்" என்ற வரி மட்டும் வாயில் வர மறுக்கிறது.

கையெழுத்து விஷயம். வாருங்கள் என்று எழுதி, வந்த பிறகு வேலை இல்லாமல் நீங்கள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் அது என்னால்தானே என்று பயம். அதனால்தான் பாலைப் பற்றி எழுதினேன்.

என்றும் உங்கள்,
கணக்கு


மார்ச் 25

அன்புள்ள கணக்குக்கு,

உன் கடிதத்தைக் கிரேன் கேபினில் வைத்துப் படித்தேன். கீழே நிற்கும் லாரிகள் தீப்பெட்டி மாதிரி. மனிதர்கள் எள்ளு மாதிரி. அந்த உயரத்தில் நான் இன்னும் சாகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன்.

உன் வலைப்பூ வீட்டுக்காரரைப் பற்றிச் சில குறைகள் சொல்ல வேண்டும். மழையில் அவர் உனக்குக் குடை பிடித்துக்கொண்டு வருகிறார், தன் தோள் நனைய. நான் என்றைக்கம்மா குடை பிடித்தேன்? பத்தடி முன்னால் போய் நின்றுகொண்டு, "என்ன அங்க பராக்கு?" என்று கத்துகிறவன். இன்னொன்று, அவர் பாட்டு முணுமுணுக்கிறாராம். நான் முணுமுணுத்தால் அது பாட்டு இல்லை, முதுகுவலி.

இதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நானோ அவசரப்பட்டு உன் வலைப்பூவிலேயே போய், "உயரத்தில் ஒருவன்" என்ற பெயரில், "எந்த ஆம்பளை இப்படி இருக்கான்? நம்பும்படி இல்லை" என்று எழுதிவிட்டேன். உன் வாசகிகள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். எங்கள் சமையல்காரரும் வந்து திட்டினார், யாரென்று தெரியாமல், எனக்குச் சோறு போட்ட கையோடு. கடைசியாக நீ வந்தாய். "ஐயா, உங்களுக்குப் பட்டன் தைத்துத் தர வீட்டில் ஆள் இல்லைபோலும். சீக்கிரம் அமைய வேண்டிக்கொள்கிறேன்."

படித்துச் சிரித்தேன். அதன் பிறகு வெகுநேரம் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் நம் வீடு வருகிறது. ஆனால் நீ எழுதிய வீடுதான் வருகிறது. நாற்காலி நீ போட்ட இடத்தில் இருக்கிறது. நான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே யாரோ முணுமுணுக்கிறார்கள்.

எனக்கும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. போன வாரம் மூடுபனி. கேபினுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. சரக்குப் பெட்டியைத் தொங்கவிட்டபடி காத்திருந்தேன். இதை எப்படி வளர்ப்பது? எனக்கு இதற்கு மேல் ஒரு வரி வரவில்லை.

உன்,
உயரத்தில் ஒருவன்


கடவுள் துணை

ஏப்ரல் 6

என் அன்பானவருக்கு,

அடப்பாவி மனுஷா! அது நீங்களா? அந்த ஆளுக்காக நான் நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். யாரோ தனியாகக் கிடக்கிறவர் என்று நினைத்தேன். தப்பாகவும் நினைக்கவில்லை.

உங்கள் மூடுபனி நல்ல விஷயம். ஆனால் மேலோடு நிறுத்திவிட்டீர்கள். பெட்டியைத் தொங்கவிட்டபடி காத்திருந்தேன் என்றால், யாருக்காக? கீழே ஆள் இருந்தாரா, குரல் வந்ததா? கை எங்கே இருந்தது? முதலில் என்ன தோன்றியது? அதை விட்டுத்தள்ளுங்கள், இரண்டாவதாக என்ன தோன்றியது? எழுதாமல் விட்டதுதான் பெரும்பாலும் விஷயமாக இருக்கிறது.

நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பாப்பாவின் வகுப்பில் "என் அப்பா" என்று கட்டுரை. நோட்டைக் காட்டினாள். "என் அப்பா மழையில் குடை பிடிப்பார். அம்மா பட்டன் தைத்தால் மூச்சு விடமாட்டார். பாட்டு முணுமுணுப்பார்." டீச்சர் நட்சத்திரம் போட்டிருந்தார்.

"அது அம்மா சும்மா எழுதினது கண்ணு. நம்ம அப்பா தூரத்துல கிரேன் ஓட்டுறாரில்ல?" என்றேன்.

"தெரியும்மா. ஆனா அவரப் பத்தி எழுத எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றாள். சொல்லிவிட்டு ரப்பரைத் தேடப் போய்விட்டாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களை உயிரோடு வைக்கிறேன் என்று நினைத்து, உங்கள் இடத்தில் வேறு ஒருவரைக் குடிவைத்துவிட்டேன். எனக்கும் அவர் பழகித்தான் போயிருந்தார். கோபம் கிடையாது, குறட்டை கிடையாது, எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். சில நாள், கடிதத்தில் இருக்கிற உங்களைவிட அவரோடு பேசுவது சுலபமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் மறுபடியும் பாலைப் பற்றித்தான் எழுதுவேன்.

இனி அவரைப் பதிவில் எழுதமாட்டேன். இன்று காலை கும்பிடும்போது அந்த வரி தானாக வந்துவிட்டது.

வாருங்கள். கையெழுத்துப் போட வேண்டாம். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் நடங்கள். பாப்பா பார்த்து எழுதட்டும்.

உங்கள்,
கணக்கு


ஏப்ரல் 19

அன்புள்ளவளே,

நீ கேட்டபடி எழுதுகிறேன். நட்சத்திரம் போடுவாயா பார்ப்போம்.

கீழே ஒருவர் இருந்தார். சைகை காட்டுகிறவர். பனியில் கை தெரியாது, அதனால் வயர்லெஸ்ஸில் குரல் மட்டும் வந்தது. "இருங்க... இருங்க... கொஞ்சம் இடது... போதும்." என் கை நெம்புகோலில் இருந்தது, வியர்த்திருந்தது. முதலில் தோன்றியது, பெட்டி யார் தலையிலாவது இறங்கிவிடக் கூடாது என்று. எல்லோருக்கும் தோன்றுவது. இரண்டாவது, இந்தக் குரலை நம்பி மூன்று வருடமாக இறக்குகிறேனே, இந்த ஆளுக்குத் தாடி உண்டா என்றுகூட எனக்குத் தெரியாதே என்று. மூன்றாவதும் ஒன்று வந்தது. பனி விலகவே வேண்டாம் என்று தோன்றியது. விலகினால் இறங்க வேண்டும். இறங்கினால் ஒரு நாள் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே எல்லாம் நான் இல்லாமலே நன்றாக ஓடுகிறது. இந்தப் பயத்தைத்தான் கையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாப்பாவின் வரியைப் படித்த பிறகு ஒப்பந்தத் தாளை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்துப் போடாமலே. மே முதல் வாரம் வருகிறேன். வேலைக்கு அங்கே இரண்டு இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைக்கிறவரை உனக்குக் கஷ்டம்தான்.

எச்சரிக்கையும் செய்துவிடுகிறேன். முன்தலையில் முடி போய்விட்டது. உயரத்தில் கத்திக் கத்தி, தரையிலும் கத்தித்தான் பேசுகிறேன். வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லையென்றால் கோபம் வரும். குடை பிடிப்பேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்.

சமையல்காரரிடம் உண்மையைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீயா? அந்தம்மா ரொம்பத்தான் கற்பனை பண்ணியிருக்கு" என்றார்.

உன்,
வீட்டுக்காரன்


கடவுள் துணை

ஏப்ரல் 27

என் அன்பானவருக்கு,

நட்சத்திரம் போட்டாயிற்று. மூன்றாவதாகத் தோன்றியதற்கு.

உங்கள் மூடுபனியை வலைப்பூவில் போடட்டுமா என்று பாப்பாவிடம் கேட்டேன். "வேண்டாம்மா, அது எனக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

வாசகர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதிவில் இருந்தவர் இல்லை, நிஜமானவர் வருகிறார் என்று ஒரே பத்தி. எந்த அலங்காரமும் செய்யவில்லை. சிலர் ஏமாற்றிவிட்டாய் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். நியாயம்தான். சிலர் அந்தப் பழையவரையே இன்னும் விசாரிக்கிறார்கள். உங்கள் சமையல்காரர், "அம்மா, ஆளு பரவாயில்லை, கொஞ்சம் சத்தம்தான்" என்று சான்றிதழ் எழுதியிருக்கிறார்.

வீட்டை ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறேன். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்தேன். கட்டிலுக்கு வெளுத்த விரிப்பு போட்டேன். போட்டுவிட்டுத் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், நின்றேன், எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் படுப்பீர்கள்? எனக்கு மறந்துவிட்டது. நடுவில் வந்தபோதும் உறவுக்காரர்கள் நிறைந்திருந்ததால் நீங்கள் கூடத்தில்தான் படுத்தீர்கள். பாப்பாவைக் கேட்க முடியாது. பதிவாக இருந்தால் நானே ஒரு பக்கம் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

நீங்கள் எழுதுகிறவரை தலையணை நாற்காலியில் இருக்கும்.

உங்கள்,
கணக்கு


மே 2

அன்புள்ளவளே,

யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஞாபகம் இல்லை. இங்கே ஆறு வருடமாக அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு. ஒரு ஆள் அகலம். அதற்குப் பக்கமே கிடையாது.

தலையணை நாற்காலியிலேயே இருக்கட்டும். வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உன்,
வீட்டுக்காரன்