ஏழாவது தீர்மானம்

மார்ச் 11, செவ்வாய்

இன்று மட்டும் நாற்பத்தாறு ரெக்கார்டு நோட்டுகளுக்கு ஸ்பைரல் போட்டேன். கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை என்பதால் மார்ச் மாதம் இப்படித்தான். எல்லாம் விலங்கியல் மூன்றாம் வருடப் பிள்ளைகளுடைய கடற்கரைக் களப்பணி நோட்டுகள். துளை போடுவதற்கு முன்னால் நான் படித்துவிடுவேன். கடை முதலாளி ஆறுமுகநயினார் அண்ணாச்சிக்கு இது தெரியாது. தெரிந்தால் வேலை ஓடாது என்று ஏசுவார்.

ஒருத்தி பாறைமேல் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருந்த சிப்பிகளை எண்ணியிருக்கிறாள். பதினான்கு. அடுத்த வாரம் அதே இடத்தில் ஒன்பது. ஓரத்தில் பென்சிலால் "ஐந்து எங்கே?" என்று எழுதியிருக்கிறாள்.

பிறந்ததிலிருந்து இந்தக் கடலைப் பார்க்கிறேன். எதையும் எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லையே, ஏன்?

மார்ச் 19, புதன்

விலங்கியல் துறைத்தலைவர் தங்கதுரை சார் வந்தார். ஏப்ரல் நாலாம் தேதி பாடத்திட்டக் குழு கூடுகிறதாம். பிஎஸ்சி விலங்கியலில் எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்களாம். கூட்டத்தில் பேசப்போகிறவற்றின் பட்டியலை அடிக்க வேண்டும். "போன வருசத்து ஃபைலத் தொற, தேதிய மாத்து" என்றார்.

மொத்தம் ஒன்பது பேர். இவரும் துறை ஆசிரியர்களும் போக, வெளியிலிருந்து ஒருவர்: பல்கலைக்கழகத்தின் சார்பில் நாசரேத்திலிருந்து வரும் வேதமணி சார்.

பாடம் என்பது மழை மாதிரி மேலேயிருந்து வருவது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர் வடை சாப்பிட்டுக்கொண்டு முடிவு செய்வது என்று தெரியாது. நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றேனே, அந்தப் பாடங்களையும் இப்படி யாராவது ஒன்பது பேர்தான் உட்கார்ந்து எழுதினார்களா?

ஏப்ரல் 2, புதன்

ஒன்று புரியவில்லை. கூட்டம் நாளை மறுநாள்தான். தீர்மானங்களை இன்றே அடிக்கச் சொல்லிவிட்டார் தங்கதுரை சார். பன்னிரண்டு தீர்மானங்கள். ஒவ்வொன்றிலும் "விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது" என்று வருகிறது. யார் விவாதித்தார்கள்? எப்போது?

ஏழாவதுதான் மனசில் நிற்கிறது. கடற்கரைக் களப்பணித் தாள் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்படுகிறது. அந்த இடத்தில், நாலு விடையில் ஒன்றைக் கணினியில் தேர்ந்தெடுக்கும் கொள்குறித் தேர்வு. ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை.

கையெழுத்துப் பக்கத்தை மட்டும் தனியாக, முதலில் எடுக்கச் சொன்னார். வேதமணி சாருக்குப் பன்னிரண்டு மணி பஸ்ஸாம். கூட்டம் தொடங்கும்போதே எல்லாரிடமும் வாங்கிவிடுவார்களாம். வருடாவருடம் இதுதான் வழக்கமாம். வருகைக்குப் போடுகிற கையெழுத்தும் சம்மதத்துக்குப் போடுகிற கையெழுத்தும் ஒரே தாளில்.

ஏப்ரல் 3, வியாழன்

ஜெனிலா மேடம் வந்தார்கள். களப்பணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது அவர்கள்தான். தற்காலிக ஆசிரியை. ஐந்து வருடத்துச் சிப்பிக் கணக்கையெல்லாம் அட்டவணையாகப் போட்டுக்கொண்டு வந்து, ஒன்பது செட் ஜெராக்ஸ் கேட்டார்கள்.

"நாளைக்கு ஏழாவதா வருது பிள்ள. இந்தத் தாள் போச்சுன்னா வாரத்துல எனக்கு ஆறு மணி நேரம் போச்சு. ஜூன்ல வேற காலேஜ் பாக்க வேண்டியதுதான்" என்று சிரித்தார்கள். "ஆனா இதப் பாத்துட்டு யாரும் எடுக்கணும்னு சொல்ல மாட்டாங்க, என்ன?"

நான் தலையாட்டினேன். ஏற்கெனவே அடித்த முடிவு என் முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் கிடந்தது. தலையாட்டினேன்!

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு எப்போதுதான் வந்திருக்கிறது? வகுப்பில் தெரிந்த பதிலுக்கே எழுந்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரை மணிக்கு வயதான சார் ஒருவர் குடையோடு வந்தார். வருகைச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். பெயரைப் பார்த்தேன். வேதமணி. எடுத்துக் கொடுத்தேன்.

"பஸ்ல வாசிக்கதுக்கு அந்தக் கூட்டத்துக் காகிதமும் ஒரு காப்பி இருந்தா குடும்மா. என்னோடத மேசையிலேயே வச்சிட்டு வந்துட்டேன்."

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கேட்டேன். சத்தியமாக அதனால்தான்.

"சார், பேசப்போறதா, முடிவா?"

"முடிவா? உள்ள இன்னும் பேசிக்கிட்டுல்லா இருக்காங்க."

"முந்தாநாளே அடிச்சாச்சு சார்."

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். ஏழாவதில் விரலை வைத்தார்.

"நான் கிளம்புத வரைக்கும் நாலுதானம்மா முடிஞ்சிருந்துது. ஏழுக்கு நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. இதுல நான் ஏத்துக்கிட்டதா இருக்கு?"

"தெரியாது சார். எனக்கு அடிக்க மட்டுந்தான் தெரியும்."

"என் கையெழுத்து?"

"அது தனித் தாள் சார். கடைசியில சேத்துப் பின் அடிப்பாங்க."

பஸ் வந்தது. போனது. அவர் ரோட்டைக் கடந்து திரும்பவும் கல்லூரிக்குள் போனார். குடை கடையிலேயே கிடந்தது. கூப்பிட்டுக் கொடுக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 5, சனி

அண்ணாச்சிக்குக் கல்லூரியிலிருந்து போன் வந்திருக்கிறது.

"ஏளா முருகேசு, ரெண்டு வருசமா வாயில கொழுக்கட்டைய வச்சிக்கிட்டு இருந்த. இன்னும் ஒரு நாளு வச்சிருந்தா என்ன கொறஞ்சிரும்? வாயத் தொறந்ததே ஒருக்கா, அதுல காலேஜையே கவுத்துட்டியே!"

"நான் கேக்கத்தான் செஞ்சேன் அண்ணாச்சி."

"அதான் சொல்லுதேன், கேக்காத!"

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். உப்பளத்தில் நின்றுவிட்டு வந்து காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். "நீ அடிச்சத அடிச்சேன்னுதான சொன்ன? பொறவு எதுக்கு மூஞ்ச இப்பிடித் தூக்கி வச்சிருக்க? வந்து சாப்புடு" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

கல்லூரியிலிருந்து ஒரு தாள்கூட வரவில்லை. ரோட்டைக் கடந்து பக்கத்துத் தெருக் கடைக்குப் போகிறார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றும் இல்லை. அண்ணாச்சி ஏசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜெனிலா மேடம் வந்தார்கள். எனக்கு மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

வேதமணி சார் திரும்பப் போய், "என் பெயருக்கு நேராக இருக்கும் என் கையெழுத்தை நானே கோடு போட்டு அடித்துவிட்டுப் போகிறேன்" என்று பேனாவை எடுத்துவிட்டாராம். அந்தக் கூட்டமே செல்லாது என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டாராம். இருபத்தொன்பதாம் தேதி மறுபடியும் கூட்டம். நடப்பதைக் கையால் நோட்டில் எழுத வேண்டும், முடிந்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்று உத்தரவு.

"அன்னைக்கு நான் ஜெராக்ஸ் எடுக்க வந்தப்பவே உனக்குத் தெரியும், என்ன?" என்றார்கள்.

"தெரியும் மேடம்."

"சொல்லலையே பிள்ள."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அழுகை வந்துவிட்டது. அவர்கள் பையிலிருந்து அட்டவணையை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். பிறகு, "சரி, அட்டவணையில ரெண்டாவது பக்கம் மங்கலா வந்திருக்கு, திருப்பி எடு" என்றார்கள். நன்றாகக் கறுப்பாக வரும்வரை மூன்று முறை எடுத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை பத்து மணிக்கு உள்ளே போனவர்கள் மதியம் இரண்டரை வரை வெளியே வரவில்லை. என்ன முடிவு என்று இந்த முறை எனக்கும் தெரியாது.

மே 2, வெள்ளி

தங்கதுரை சாரே நோட்டைக் கொண்டுவந்தார். அண்ணாச்சி எழுந்து நாற்காலி போட்டார். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடி" என்றார்.

மூன்று பேருடைய எழுத்து மாறி மாறி வருகிறது. அடித்தல் திருத்தல் நிறைய. மற்றதெல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. ஏழாவது மட்டும் ஒன்றரைப் பக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் களப்பணியில் ஒரு மாணவி பாறையில் வழுக்கிக் கை முறிந்திருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பாவுக்குப் பதில் சொல்லி நின்றவர் துறைத்தலைவர் ஒருவர்தான். இன்னொரு முறை அப்படி நிற்கத் தம்மால் முடியாது என்று சொல்லியிருக்கிறார். இப்படியே எழுதியிருக்கிறது. இதுவா காரணம்? பயம்தானா? ஒரு மாதமாக நான் அவரை என்னவெல்லாமோ நினைத்திருந்தேன்.

அன்று நாற்பத்தெட்டு பேருக்கு ஆசிரியர் தாம் ஒருவர்தான் என்று ஜெனிலா மேடம் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அது யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. இத்தனை நாளும் அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று வேதமணி சார் கேட்டிருக்கிறார். கடைசியில் ஆறு பேர் தாள் இருக்கட்டும் என்றும், மூன்று பேர் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். பதினைந்து பேருக்கு ஓர் ஆசிரியர், வழுக்காத செருப்பு, பெற்றோர் கடிதம் என்ற நிபந்தனைகளோடு தாள் தொடர்கிறது.

அடித்து முடித்துக் கொடுத்தேன். சார் முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ஏழாவதில் நின்றார்.

"எதுக்குப் பிள்ள இது இவ்ளோ நீளமா இருக்கு?"

"நோட்டுல இருக்கதுதான் சார். குறைக்கவா?"

"வேண்டாம்." திரும்பவும் வாசித்தார். "மூணு பேரு வேண்டாம்னு சொன்னாங்கன்னுதான் இருக்கு. யாருன்னு இல்லையே."

"நோட்டுல பேரு எழுதல சார்."

தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பேரு போடலாமான்னு மத்த ரெண்டு பேரையும் பொறவு கேட்டுட்டு வாரேன். இப்ப என் பேரப் போடு. துறைத்தலைவர் இதுக்கு உடன்படல. காரணம் மேல சொன்னதுதான்னு போடு."

போட்டேன். அச்செடுத்துக் கொடுத்தேன். அந்த வரியை வாசித்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.