பத்துப் பத்தாக அடுக்கிய மூடிகள்

ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ் வரப் பத்து நிமிஷம்தான் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த இசக்கிதுரை குளித்துக்கொண்டிருந்தான். நேரில் சொன்னால் சண்டை வரும், பஸ்ஸும் போய்விடும். சுகப்பிரியா காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினாள்.

‘குக்கர்ல சோறு இருக்கு. புளிக்குழம்பு உங்களுக்கு, ரசம் பாப்பாவுக்கு.

பாப்பா நிறம் பிரிச்சு விளையாடட்டும்னுதான் செருப்புப் பெட்டியில பாட்டில் மூடி சேத்து வச்சேன். நேத்து சாயங்காலம் “எல்லாம் அவளே பிரிச்சுட்டா”ன்னு சொன்னீங்க. சந்தோஷமா இருந்துச்சு. நீங்க ஷிஃப்டுக்குக் கிளம்பின பிறகு திறந்து பாத்தேன். சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் பத்துப் பத்தா, ஒரே பக்கமாக் கவுத்து வச்சிருக்கு. உங்க லைன்ல டிரேயில பார்ட் அடுக்குற மாதிரியே. மூணு வயசுப் பிள்ளைக்குப் பத்து எண்ணத் தெரியாதுங்க.

அவ கையில போனைக் குடுத்துட்டு நீங்க உக்காந்து அடுக்கியிருக்கீங்க. என்னை ஏமாத்த எடுத்துக்கிட்ட நேரத்துல அவகூட விளையாடியிருக்கலாம்ல?

சாவி ஜன்னல்ல இருக்கு.’

தாளின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

‘மூடியெல்லாம் திரும்பக் கலைச்சு வச்சிருக்கேன். தப்பாப் பிரிச்சாலும் அவளே பிரிக்கட்டும். நான் உங்க சூப்பர்வைசர் இல்ல.’

தட்டின் மேல் வைக்கப் போனவள், மனதை மாற்றிக்கொண்டு அவன் போனுக்கு அடியில் செருகினாள். குளித்து வந்ததும் அவன் கை முதலில் போவது அங்கேதான். தூங்கி எழுந்ததும் பாப்பாவின் கை போவதும் இப்போது அங்கேதான்.