சினிமா நோட்டீசில் ஊறாத மை

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கான அட்டை நேற்றுத் தபாலில் வந்தது. உன் மகன் அனுப்பியிருக்கிறான். வழவழப்பான தாள். பஸ் நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. சற்று நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் எழுத்து மொத்தமும் விரலோடு வந்துவிட்டது. கையைக் கழுவ மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்பை நாம் திண்டுக்கல்லில் படித்த வருஷம். விடுதியில் உன் டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் என் பெட்டி. நீ குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரி, நான் அகரத்துக்காரி. அரையாண்டுப் பரீட்சையில் பள்ளிக்கூடம் கொடுத்த மட்டத் தாள் மையைக் குடித்து, உன் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. எனக்கும் ஊறியிருந்தது. ஆனால் நீ அமுக்கி எழுதுகிறவள். 'படிக்க முடியவில்லை' என்று டீச்சர் சிவப்பில் எழுதி, பாதிப் பக்கங்களுக்கு மார்க்கே போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்த உன் அப்பா வாசலிலேயே நின்று சொன்னார்: "பெரிய பரீட்சையில பாசாயிட்டா டீச்சருக்குப் படி, நான் குறுக்க நிக்கல. இல்லைன்னா ஆவணியில கல்யாணம்."

அவர் மேல் எனக்கு வந்த கோபம் உனக்கு வரவில்லை. "மைய மாத்துவோம்டி" என்றாய்.

பெரிய பரீட்சைக்கு என்ன தாள் தருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? இருப்பதிலேயே கேவலமான தாளுக்குத் தயாராகிவிட்டால் எதற்கும் பயமில்லை என்பது உன் கணக்கு. மளிகைப் பொட்டலம் கட்டிய தாள், சுருட்டுக் கட்டைச் சுற்றி வந்த தாள், கல்யாணப் பத்திரிகையின் முதுகு, கிழித்த காலண்டர் தாள் எல்லாம் சேர்த்தோம். எல்லாவற்றிலும் மோசமானது, ஜட்கா வண்டியில் மேளம் அடித்துக்கொண்டு வீசிப் போவார்களே, அந்த ரோஸ் கலர் சினிமா நோட்டீஸ். ஒவ்வொன்றிலும் உன் பெயரை எழுதி, பக்கத்தில் டீச்சர் என்று சேர்ப்பாய். நோட்டீசில் அந்தக் கடைசி 'ர்' மேல் வைக்கிற புள்ளி மட்டும் ஊறி மொச்சைக்கொட்டை அளவுக்கு வரும். நான் சிரித்தால் முறைப்பாய்.

மைப்பொடியைக் கெட்டியாகக் கரைத்துப் பார்த்தோம். சர்க்கரை போட்டோம், எறும்புதான் வந்தது. கடைசியில் நீ பொங்கல் லீவுக்குப் போய், உங்கள் காட்டுக் கருவேல மரத்துப் பிசினைக் கொண்டுவந்தாய். இடித்து, ஊறவைத்து, வடிகட்டி மையில் கலந்தோம். ரோஸ் நோட்டீசில் உன் பெயர் கம்பி மாதிரி நின்றது. வார்டன் அம்மா வந்து அதட்டும்வரை குதித்தோம்.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் பார்த்தால், பிசின் மை ஒரு பேனாவுக்குத்தான் காணும். "ஆளுக்குப் பாதியா ஊத்திக்குவோம்" என்றாய். "உன் கைதான் அமுக்கும், நீயே வச்சுக்க" என்று மொத்தத்தையும் உன் பேனாவில் நான்தான் ஊற்றினேன். எனக்கு வெறும் மை போதும் என்றேன்.

முதல் நாள் இங்கிலீஷ். கொடுத்த தாளைத் தொட்டுப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளை வெளேரென்று, கனமாக, அவ்வளவு நல்ல தாள். என் மை எழுதின உடனே காய்ந்தது. எனக்கு முன்வரிசையில் நீ. உன் பிசின் மை காயவே இல்லை. பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொண்டது. ஒற்றுத்தாள் கொண்டுவரவில்லை, நம் தாள்களுக்கு அது என்றைக்குத் தேவைப்பட்டது? வரிக்கு வரி கையால் விசிறிக்கொண்டிருந்தாய். மணி அடித்தபோது உனக்குக் கடைசிக் கேள்விகள் பாக்கி.

வெளியே வந்து, நீலம் அப்பிய கையைக் காட்டிச் சிரித்தாய். "நல்ல பேப்பர் குடுப்பாகன்னு நாம நெனைக்கவே இல்லையேடி." எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததற்காக அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து நீயும் வெறும் மையில்தான் எழுதினாய். மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது.

ஆவணியில் உன் கல்யாணம். ஆசிரியப் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. அதைச் சொல்ல வாய் வராமல், மணவறையிலிருந்து எழுந்து வந்த உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த மையை நான் உனக்கு ஊத்தியிருக்கக் கூடாது" என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"நீ ஊத்தலைன்னா நான் புடுங்கி ஊத்தியிருப்பேன். அழுகாம போயிப் படிடி."

பிடுங்குகிற ஆளா நீ? அது பொய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நான் பஸ் ஏறினேன், படித்தேன், ரெட்டியார்சத்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சந்தையில் உன்னைப் பார்த்த போதெல்லாம் வெஞ்சனத்துக்கு என்ன காய், பிள்ளைகள், மழை என்று எல்லாம் பேசினோம், அதை மட்டும் பேசவில்லை. நீ இருந்தவரை, நீ சொன்னதை நம்பியவள் போலவே உன் எதிரில் நின்றேன். இனி நீ இல்லை. இருந்தாலும் நம்பிக்கொண்டுதான் இருக்கப் போகிறேன். நீ எனக்கென்று கொடுத்தது அது ஒன்றுதான்.