இன்று முதல் கால்குலஸ் வகுப்பு

என்னங்க, நல்ல தூக்கத்தில் இருந்தீர்கள், எழுப்பவில்லை. சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். மாலைப் பள்ளியில் இன்று எனக்கு முதல் கால்குலஸ் வகுப்பு!

“பஸ் ஓட்டுறவளுக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று நேற்று சிரித்தீர்களே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை. வண்டியின் வேகத்தைக் காட்டும் முள் இருக்கிறதே, அது காட்டும் அந்த நொடியின் வேகம்தான் முதல் பாடமாம்! தினமும் என் கண்முன்னால்தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. பெயர் கொடுக்கப் போன அன்று, “கால்குலஸுக்குப் பயப்படாதம்மா, பழைய அல்ஜீப்ராதான் காலை வாரிவிடும்” என்றார் டீச்சர். என் காலையா? எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தது நீங்களாச்சே!

பால் வாங்கி வையுங்கள்.

பி.கு.: நீங்கள் அல்ஜீப்ராவோடு படிப்பை விட்டது எனக்குத் தெரியும். இந்த வாரம்வரை சேரலாமாம். பக்கத்து இருக்கையில் பையைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறேன், வாங்க.