ஹோஸுக்குள் தண்ணீர்

நவம்பர் 18, செவ்வாய்.

மதியம் மாடல் பஸ்ஸுக்குச் சிவப்பு அடிக்கும்போது, காற்றால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் சொட்டுச் சொட்டாகத் துப்ப ஆரம்பித்தது. பஸ்ஸின் கூரையெல்லாம் புள்ளி. ஊசியையும் நாசிலையும் கழற்றித் தின்னரில் மூன்று முறை கழுவினேன். அப்படியும் துப்பியது. மனைவி மல்லிகாதான் மேஜை துடைக்கும்போது அதைக் கீழே போட்டிருப்பாள் என்று கத்தினேன்.

"நான் அதத் தொடவே இல்லீங்க."

நம்பவில்லை.

சாயங்காலம், கம்ப்ரசரிலிருந்து ஏர்பிரஷுக்குக் காற்று வரும் ஹோஸைக் கழற்றி உதறினால் தண்ணீர் சொட்டுகிறது. பெயிண்ட் வாடை போகத் திறந்த ஜன்னல் வழியே மூடுபனி வந்து, கம்ப்ரசர் அந்த ஈரக் காற்றையே இழுத்திருக்கிறது. கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தோன்ற வேண்டாமா?

மல்லிகா எட்டிப் பார்த்தாள். "ஜன்னல நாந்தேன் சாத்தாம விட்டுட்டேன் போலங்க."

திறந்தது நான். சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"பரவாயில்ல, விடு" என்று வந்துவிட்டது.